சித்தி அடித்துவிட்ட கணக்குகள்

எங்கள் வீட்டில் அந்த வருடம் இரண்டு பேர் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினோம். எனக்குப் பதினைந்து வயது. சித்திக்கு இருபத்து மூன்று. கணக்குப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் என்னுடையது. அதனால் எங்கள் இருவரில் யாருக்கு அதிகாரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஊத்துக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய ஒரு கிராமம்தான் அவர்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் பத்தாவது எழுதியபோது மற்ற பாடங்களிலெல்லாம் நல்ல மார்க் வாங்கி, கணக்கில் மட்டும் தோற்றுப்போனாள். அதற்கடுத்த வருடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். வேலை பார்த்துக்கொண்டே தனித்தேர்வராக இன்னும் இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கணக்கு காலை வாரிவிட்டது.

வீட்டுக்கு யாராவது வந்தால் அவளை அறிமுகப்படுத்துவதற்கென்று, அவள் ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளிலிருந்தே, அம்மா ஒரு வாசகம் வைத்திருந்தாள். "இது எங்க சின்னவ. சமையலு, தையலு, படிப்பு எல்லாத்துலயும் கெட்டி. கணக்கு மட்டும் வராது." பாசமாகத்தான் சொல்வாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், சித்தியும் சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை நீட்டுவாள். அவளுக்கு நெற்றியில் ஒரு மச்சம் இருப்பதைப் போல இதுவும் ஒரு அடையாளம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வண்டிகளுக்குப் போகிற இரும்பு வளையங்கள், உள்ளங்கையில் அடங்குகிற அளவு, தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். அளவு பார்ப்பதற்கு இரண்டு முனை உள்ள ஒரு எஃகுத் துண்டு கொடுத்திருப்பார்கள். ஒரு முனை வளையத்துக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் தப்பு, போகக் கூடாதது போனாலும் தப்பு. தப்பான வளையம் சிவப்பு டப்பாவுக்குப் போகும். மயிரிழை மாதிரி ஒரு கீறல் இருந்தாலும் சித்தியின் கண்ணுக்குத் தப்பாது என்று அவளோடு வேலை பார்த்த அக்காமார்கள் ஷிஃப்ட் வண்டியிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கண்ணை அவள் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. புது யூனிஃபார்ம் தைத்து வந்தால், எனக்குப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே, இடது கை ஒரு நூல் நீளம் என்பாள். அளந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். இரும்பு மில்லில் வேலை பார்த்துக் குரல் தடித்துப்போன மனிதர். அவரையே விடமாட்டாள். "மாமா, வலது பக்கம் மீச கொஞ்சம் ஏறிக்கீது" என்று அடுப்படியிலிருந்தே சொல்வாள், அவரும் மறுபடி கண்ணாடி முன்னால் போய் நிற்பார்.

தீபாவளி முடிந்து சில வாரங்களில் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். கான்ட்ராக்டில் ஐந்து வருடம் முடித்தவர்களைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள். பத்தாவது பாஸ் செய்த சான்றிதழை ஜூன் மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவர்களுக்கு அந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. சித்திக்கு அங்கே ஆறு வருடம் ஆகியிருந்தது. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் அவளுக்காகக் காத்திருந்தது அடுத்தவர் தோட்டத்தில் பூப்பறிக்கிற வேலை மட்டும்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நைனாவுக்கு அவள் மேல் பிரியம் உண்டு. அதனாலேயே, "மூணு வாட்டி எழுதிப் பாத்தாச்சே, ஏம்மா மறுபடி இந்தப் பேஜாரு?" என்றார். அம்மா வழக்கமான வாசகத்தைச் சொல்லி, வேறு எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். சித்தி யாரிடமும் வாதாடவில்லை. மறுநாள் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தலையை வாரிப் பின்னிக்கொண்டு, ஒரு புது நோட்டோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, நீ எனக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேணாம். புக்கைப் பாத்து நானே கத்துக்கறேன். வாரத்துக்கு ஒரு பரீட்ச வை. நான் எழுதறேன், நீ திருத்து."

திருத்து என்ற சொல் என் காதில் தேனாகப் பாய்ந்தது. நான் வகுப்பில் கணக்கில் முதல். ஆனால் நூறு மட்டும் வந்ததே இல்லை. தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று ஆறு என்று நூறின் வாசல் வரை போய், எதையாவது தட்டிவிட்டுத் திரும்பி வருகிற ரகம். எங்கள் கணக்கு டீச்சர் வகுப்பில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தார். பரீட்சையில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்புகளெல்லாம் அதில் இருந்தன. விட்டத்தை ஆரமாக எடுப்பது, அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே குறி மாற்ற மறப்பது, வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாமல் விடுவது, வினா எண்ணைத் தப்பாகப் போடுவது, ச.செ.மீ. எழுத வேண்டிய இடத்தில் க.செ.மீ. எழுதுவது. அதை மனப்பாடமாகச் சித்திக்கு ஒப்பித்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்தேன். அந்தத் தப்புகளில் நான் செய்யாதது ஒன்றுகூட இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. பஜாருக்குப் போய் ஒரு சிவப்புப் பேனா மட்டும் வாங்கிக்கொண்டேன்.

முதல் பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. நாஷ்டா முடிந்ததும் இரண்டரை மணி நேரம். நடுவில் கரண்டு போய் ஃபேன் நின்றுவிட்டது. பக்கத்தில் அத்திப்பட்டில்தான் நாட்டுக்கே கரண்டு செய்து அனுப்புகிறார்கள், எங்கள் தெருவுக்கு மட்டும் அது வழி தெரியாமல் தவிக்கும். சித்தி வியர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தாள். நான் ஹால் சூப்பர்வைசர் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த ஒற்றை அறைக்குள் நடந்தேன். அம்மா என்னைத் தாண்டிக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

திருத்தினேன். நூற்றுக்கு இருபத்தொன்று.

எதிர்பார்த்ததுதான் என்று நோட்டை மூடப் போனேன். ஆனால் நான்கு பக்கங்களில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டு விடைகளை அடித்து வைத்திருந்தாள். அடித்த விடைக்கு மார்க் கிடையாது, அதனால் நானும் படிக்கவில்லை. சும்மா வேடிக்கைக்கு ஒன்றைப் படித்துப் பார்த்தேன். கூம்பின் கன அளவு. ஆரம் ஏழு, உயரம் இருபத்து நான்கு. விடை ஆயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு கன செ.மீ. என்று அழகாக எழுதியிருந்தாள். முழுக்க முழுக்கச் சரி. அடுத்ததைப் பார்த்தேன், அதுவும் சரி. அதற்கடுத்ததும் சரி. நான்காவதில் கடைசி வரியில் மட்டும் ஒரு கூட்டல் தவறு. நான்கிலும் சேர்த்துப் பத்தொன்பது மார்க்கைத் தன் கையாலேயே அடித்திருந்தாள். பாஸுக்கு முப்பத்தைந்து போதும். அடிக்காமல் விட்டிருந்தால் நாற்பது.

"சித்தி, இதை எதுக்கு அடிச்ச?"

அவள் எட்டிப் பார்த்தாள். "எதோ ஒரு எடத்துல சந்தேகம் வந்துச்சி."

"எந்த எடத்துல?"

"எடம் தெரியல. சீக்கிரமா வந்துட்ச்சி பாப்பா. எனக்கு வர்ற கணக்கு இவ்ளோ சீக்கிரம் வருமா? தப்பாத்தான் இருக்கும்னு அடிச்சிட்டேன். ஒரு பீஸ்ல சந்தேகம்னா கம்பெனில அப்படித்தான், செகப்பு டப்பால போட்டுட்டுப் போய்க்கினே இருக்கணும்."

நான் துள்ளிக் குதித்தேன். விஞ்ஞானிகளுக்கெல்லாம் இப்படித்தான் ஒரு நொடி வரும் போலிருக்கிறது. சித்திக்குக் கணக்கு வராமல் இல்லை, கம்பெனிப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டு பரீட்சைக்கும் வந்துவிடுகிறது, வளையத்தை ரிஜெக்ட் செய்கிற மாதிரி விடைகளை ரிஜெக்ட் செய்துகொண்டிருக்கிறாள். இதை அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நைனா மில்லிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இவ்ளோ விசுவாசமா ஒரு ஆளு கீது, அந்தக் கம்பெனிக்காரன் சர்டிபிகேட்டு கேக்கறானே" என்றார். பக்கத்து வீடுகள் வரைக்கும் அந்தக் கதை போயிற்று. சித்தியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வேலை என்ன என்பது தெளிவாகிவிட்டது. புதிதாகக் கணக்கு கற்றுக்கொள்வதை விட, போட்ட கணக்கை அவள் கையிலிருந்து காப்பாற்றுவதுதான் வேலை. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக மார்க் உண்டு, விடை தப்பானாலும் வழி சரியாக இருந்தால் பாதிக்கு மேல் கிடைக்கும் என்று நான் விளக்கியபோது அவள் நம்பவே இல்லை.

"அரகொறயா கீற பீஸுக்கு பாஸ் போடுவாங்களா?"

"போடுவாங்க."

"நான் அப்படிப் போட்டேன்னு வச்சிக்க, அன்னிக்கே கேட்டுக்கு வெளிய நிப்பேன்" என்றாள். பரீட்சைத்துறையின் ஒழுக்கத்தைப் பற்றி அவளுக்கு இருந்த மதிப்பு அன்றைக்குக் கொஞ்சம் குறைந்துதான் போனது.

அடிக்காதே என்று சொல்வது எளிது. அவள் கை கேட்கவில்லை. அடுத்த வாரம் மூன்று, அதற்கடுத்த வாரம் மூன்று என்று அடித்துக்கொண்டே இருந்தாள். நான் கத்தினேன். ஸ்கேலால் அவள் விரலைத் தட்டியதுகூட உண்டு, இப்போது நினைத்தால் கூசுகிறது. கடைசியில் வழி கண்டுபிடித்தது அவள்தான். கம்பெனியில் சிவப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் டப்பா ஒன்றும் இருக்கிறதாம். நிச்சயமாகத் தப்பு என்று சொல்ல முடியாத வளையத்தைச் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து அதில் போட்டுவிட வேண்டும். பிறகு வேறு ஒருத்தி வந்து பார்ப்பாள். புள்ளி வைத்தவளே அதைத் திரும்பப் பார்க்கக் கூடாது, ஒரே கண்ணுக்கு ஒரே சந்தேகம்தான் வரும் என்பது அங்கே சட்டம்.

"பரீட்ச ஹால்ல வேற ஒருத்திக்கு எங்க போவ?" என்று மடக்கினேன்.

இரண்டு நாள் யோசித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தேகம் வந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள். கடைசி அரை மணி நேரம் இருக்கும்போது பேனாவைக் கீழே வைத்தாள். பின்னலைத் தூக்கிக் கொண்டையாக முடிந்து, கம்பெனியில் தலைக்குக் கட்டுகிற நீலத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். எழுந்து நின்று ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து மறுபடி உட்கார்ந்தாள். பிறகு கடைசி விடையிலிருந்து முதல் விடையை நோக்கிப் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எழுதினவள் வேறு, பார்க்கிறவள் வேறு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை, ஷிஃப்டில் இருக்கிற முகம். அன்றைக்கு அவள் அடித்தது ஒரே ஒரு கணக்கு, அது உண்மையாகவே தப்பு. மார்க் நாற்பத்து நான்கு.

அதோடு நிற்கவில்லை. நான் எனக்கே வைத்துக்கொண்ட மாதிரிப் பரீட்சையின் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, அதே நீலத் துணியைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அதில் பாதிக் கணக்கு அவளுக்குப் புரியாது. ஆனால் கேள்வியில் இருக்கிற எண்ணும் நான் எடுத்தெழுதிய எண்ணும் ஒன்றுதானா, மேல் வரியில் இருந்த குறி கீழ் வரிக்கு வந்து சேர்ந்ததா என்று விரல் வைத்துப் பார்ப்பதற்குப் புரிய வேண்டிய அவசியமில்லையே.

"இன்னா பாப்பா, கேள்வில விட்டம்னு போட்டுக்கீது, நீ ஆரம்னு எடுத்துக்கினு கீற."

பார்த்தால் அப்படித்தான். அதே தாளில் இன்னும் இரண்டு பிடித்தாள். டீச்சரின் சார்ட்டை ஒப்பித்தவள் நான், அந்தச் சார்ட்டில் இருந்ததையெல்லாம் என் தாளில் கண்டுபிடித்தவள் அவள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பார்ப்பதெல்லாம் பெயிலாகிறவர்களுக்கு, எனக்கு எதற்கு என்று தாளைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. காலையில் ஐந்தரைக்கு வண்டி ஏறி, எட்டு மணி நேரம் நின்று வளையம் பார்த்துவிட்டு வந்து, சமைத்துவிட்டு, பதினைந்து வயதுப் பெண்ணிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த நாளும் அதே இடத்தில் நோட்டோடு உட்கார்ந்திருக்க ஒரு மனுஷியால் முடிந்தது. எனக்கு இன்றைக்கும் அது முடியாது.

மார்ச் மாதம் வந்தது. கணக்குப் பரீட்சை அவளுக்கும் எனக்கும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே கேள்வித்தாள். எனக்கு என் பள்ளிக்கூடத்திலேயே சென்டர். தனித்தேர்வர்களுக்குப் பொன்னேரியில் போட்டிருந்தார்கள். அவள் லீவு சொல்லிவிட்டுக் காலை ரயிலில் போனாள். எனக்குப் பரீட்சை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் வெயில் கொளுத்தியது. ரயிலிலிருந்து அவள் இறங்கியபோது தலையில் அந்த நீலத் துணி இன்னும் இருந்தது, அவிழ்க்க மறந்திருக்கிறாள்.

கேள்வித்தாளைப் பிடுங்கி ஒவ்வொன்றாகக் கேட்டேன். வரைபடம் போட்டிருந்தாள், அளவுத்திட்டமும் எழுதியிருந்தாள். வடிவியல் போட்டிருந்தாள். மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். முப்பத்து மூன்று வரை வந்தது. மிச்சம் இருந்தது திட்ட விலக்கம், ஐந்து மார்க்.

"இது போட்டியா?"

"போட்டேன். நாலு வந்துச்சி."

எனக்கும் நான்குதான். கத்தப் போனேன். அதற்குள் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "குறுக்க ஒரு கோடு போட்டுட்டேன் பாப்பா" என்றாள்.

வர்க்கமூலம் எடுத்தபோது பாயிண்ட் எதுவும் இல்லாமல் முழு எண்ணாக வந்ததாம். இவ்வளவு சுத்தமாக வருகிறதே என்று சந்தேகப்பட்டு, புள்ளி வைக்க வேண்டிய கை பேனாவால் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு இழுத்துவிட்டதாம். இன்னொரு கோட்டுக்குக் கையைத் தூக்கியவள் நிறுத்திவிட்டாள். கடைசி அரை மணியில் துணியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது கணக்கில் ஒரு தப்பும் இல்லை. மறுபடி எழுத நேரம் இல்லை. அதனால் கோட்டுக்குப் பக்கத்திலேயே, 'அடித்தது தவறு. விடை சரி' என்று எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்தது எல்லாம் பாழ். திருத்துகிறவர் அடித்ததைப் படிப்பாரா, இல்லை தாண்டிப் போவாரா? பக்கத்தில் எழுதினால் மதிப்பாரா? ஒரு கோட்டில் வேலை போகிறது. "ஏன் அடிச்ச? ஏன் அடிச்ச?" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும், "அம்மா சொல்றது சரிதான், உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிட்டேன். அவள் நின்றாள். தலையிலிருந்த துணியை அவிழ்த்து, நான்காக மடித்துப் பையில் வைத்தாள். பிறகு எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். நான் அதையும் குடித்தேன்.

ரிசல்ட் வரும் வரைக்கும் அவள் வழக்கம் போல வேலைக்குப் போய்வந்தாள். நான் அவளைத் தனியாகப் பார்க்கும் போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ரிசல்ட் அன்றைக்கு நைனா எங்கள் இருவரின் நம்பரையும் எழுதிக்கொண்டு பஜாரில் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போனார். முதலில் என் நம்பரைப் போட்டார்கள். கணக்கில் தொண்ணூற்றேழு. நூறு இல்லை. எங்கே போயிற்று மூன்று மார்க் என்று யோசிக்கும்போதே சித்தியின் நம்பரைப் போட்டார்கள். கணக்கு, முப்பத்தெட்டு. தேர்ச்சி.

முப்பத்து மூன்றும் ஐந்தும் முப்பத்தெட்டு. எங்கேயோ, பெயர் தெரியாத ஒரு திருத்துகிறவர், அவள் எழுதிய அந்தச் சின்ன வரியைப் படித்து, அவள் பேச்சை நம்பியிருக்கிறார். நைனா அந்தக் கூட்டத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், எண்ணையும் பெயரையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் சிரித்தாள்.

ஜூன் மாதம் அவளுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள், கொடுத்த வீட்டிலெல்லாம், "எங்க பாப்பாதான் பாஸ் பண்ண வச்சா" என்றாள். நானும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பன்னிரண்டாவதும் முடித்தாள். இன்றைக்கு அந்த இன்ஸ்பெக்‌ஷன் பகுதிக்கே அவள்தான் பொறுப்பு. அவள் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு வளையம் கேட்டைத் தாண்டாது.

சிவப்பு டப்பாக் கதையை நான் எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் சொன்னேன், ஆபீஸில் சொன்னேன், என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேன். போன வருடம் சித்தியின் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, மறுபடியும் சொன்னேன். கம்பெனிப் பழக்கத்தில் பரீட்சை விடைகளை ரிஜெக்ட் செய்தவள் என்று சொல்லி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களில் ஒரு சின்னப் பெண் மட்டும், "அக்கா, ஃபர்ஸ்ட் வாட்டி ஃபெயிலானப்போ நீங்க எந்தக் கம்பெனில இருந்தீங்க?" என்று சித்தியிடம் கேட்டாள்.

சித்தி சிரித்துக்கொண்டே பந்தியைக் கவனிக்க எழுந்து போய்விட்டாள்.

முதல் தடவை அவள் தோற்றபோது வயது பதினாறு. கம்பெனியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்போது சிவப்பு டப்பா ஏது? எது முன்னால், எது பின்னால் என்ற வரிசையைக்கூடச் சரிபார்க்காமல் இத்தனை வருடம் ஒரு விடையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கியவள். கம்பெனிக்கு வருவதற்கு முன்பே அவள் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சீக்கிரம் வந்தால் தப்பு, சுத்தமாக வந்தால் தப்பு, ஏனென்றால் அவளுக்குக் கணக்கு வராது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த டப்பாவும் இல்லை, நாங்கள்தான். வந்தவர் போனவரிடமெல்லாம் பாசமாகச் சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கம்பெனிப் பழக்கம் என்று அவள் சொன்னது எங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காகவா, இல்லை அவளே அப்படித்தான் நம்பினாளா, எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் அந்தப் பாடத்தைக் கடைசியாக அவளுக்குச் சொன்னவள் நான், ஸ்டேஷன் வாசலில்.

அன்றைக்குக் காலையில் அந்த ஹாலில் அவள் முகம் தெரியாத ஒரு மனிதருக்கு, தன் கணக்கு சரி என்று தன் கையால் எழுதிவிட்டு வந்திருந்தாள். அப்படி ஒரு வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அதை எழுத அவளுக்கு எப்படி மனம் வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதெல்லாம் ஏன் அடித்தாய் என்பது மட்டும்தான்.